குறைவு என்றார்கள்

சுங்கைப் பட்டாணி
மலேசியா
12 பிப்ரவரி 2023

அன்புள்ள இருளப்பன் அண்ணனுக்கு,

வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்து, நாக்கை அறுத்த வாயோடு தாளில் எழுதி எழுதிப் பேசிக்கொண்டோமே, அந்தப் பழக்கம் எனக்கு விடவில்லை. போனில் நான் பேசுவது என் மனைவி வாணிக்கே புரிவதில்லை. அதனால் கடிதம்.

வெட்டி எடுத்த புற்றுக் கட்டியை ஆராய்ச்சிக்குத் தந்தோம் அல்லவா? அதில் ஏதோ ஒரு புரதத்தை அளந்திருக்கிறார்கள். அது அதிகமிருந்தால் நோய் திரும்பி வரும் வாய்ப்பும் அதிகமாம். எனக்குக் குறைவு என்றார் டாக்டர். துணிக்கடையை மறுபடி திறந்துவிட்டேன். உங்களுக்கு என்ன சொன்னார்கள்?

அன்புடன்,
தயாளன்


சுங்கை லாலாங்
3 மார்ச் 2023

தம்பி தயாளனுக்கு,

கடுதாசி கெடச்சது. உங்க சேதி கேட்டு மனசு குளுந்துச்சு.

எனக்கு அதிகம்னு சொல்லிட்டாங்க. இது பல பேரைப் பாத்து எடுத்த கணக்கு, உங்களுக்கு இப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, சோதனைக்கு மட்டும் தவறாம வாங்கன்னு அந்தப் பொம்பள டாக்டர் சொல்லுச்சு. என் காதுல அதிகம்ங்கறது மட்டும்தான் ஏறுச்சு. தோட்டத்துல லோரி ஓட்டறத விட்டுட்டேன். வீட்டுக்காரி மருதம்மா கஞ்சியை வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறா. வர்றது வரட்டும், நான் எங்கயும் போறதா இல்ல லா.

இப்படிக்கு,
இருளப்பன்


சுங்கைப் பட்டாணி
10 மார்ச் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

போகமாட்டேன் என்பது என்ன பேச்சு? அடுத்த சோதனை நாளை எழுதுங்கள். காரை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். என் சோதனையைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். நோன்புப் பெருநாள் வியாபாரம், கடையை விட்டு நகர முடியவில்லை. எனக்குக் குறைவுதானே, அவசரமில்லை. உங்களுக்கு அப்படியா? நல்லதுக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தயாளன்


சுங்கை லாலாங்
20 நவம்பர் 2023

தம்பிக்கு,

இந்தத் தடவையும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க கூட்டிக்கிட்டுப் போயி, வெளிய கார்லயே காத்துக் கெடக்கலேன்னா நான் போயிருக்கவே மாட்டேன். மறுபடியும் லோரி எடுத்துட்டேன். மருதம்மா இப்பல்லாம் மொகம் பாத்துப் பேசுறா.

ஒண்ணு கேக்கணும். போன வாரம் எங்களை எறக்கி விட்டீங்களே, அப்ப உங்க கழுத்துல இடப்பக்கம் வீங்கியிருந்துச்சுன்னு அவ சொன்னா. பல்லு வலியா இருக்கும்னேன். தம்பி, நீங்க எப்ப உள்ள போய்க் காட்டினீங்க? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், எனக்கு ஞாபகமே வரல. ஒடனே பதில் போடுங்க.

இருளப்பன்


சுங்கைப் பட்டாணி
9 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய கடிதங்களும் கிடைத்தன. பதில் போடாததற்கு மன்னியுங்கள்.

கழுத்தில் வந்தது பல்வலி இல்லை. நுரையீரலுக்கும் போய்விட்டது. இனி வெட்ட முடியாதாம். இத்தனை மாதம் ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டார். "குறைவு என்றீர்களே" என்று எழுதிக் காட்டினேன். அவரைக் குறை சொல்லமாட்டேன். குறைவு என்றார், இல்லை என்று சொல்லவில்லை.

உங்களை வரச்சொல்லி எழுதச் சொல்கிறாள் வாணி. வரவேண்டாம் அண்ணே. உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே, அண்ணனுக்கு வரவேண்டியது எனக்கு வந்துவிட்டதே என்று மனசு சொல்கிறது. உங்களுக்காகக் காரில் காத்திருந்தவன்தான் இப்படி நினைக்கிறேன். இப்படி நினைத்துக்கொண்டே சாக எனக்கு இஷ்டமில்லை. அதனால் இனி எழுதாதீர்கள்.

அடுத்த சோதனைக்கு மருதம்மா அக்காவோடு பஸ்ஸில் போய்விடுங்கள்.

தயாளன்