நான் எடுத்த நாற்பது விநாடி

பெப்ரவரி 6, செவ்வாய்

இந்த வெளிநாட்டில், ஸ்ரௌவ்வில் என்ற ஊரில், ஒரு வயோதிபரை வீட்டோடு பார்க்கிற வேலை தொடங்கி மூன்று மாதம். ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாமல் மன்னாரில் தினகர் வோஹ்ராவின் படங்களைப் பார்த்து அழுதவள் நான். இப்போது கிழமை நாட்களில் அவருக்குச் சவரம் செய்து விடுகிறேன்.

அறுபது படங்கள். நடுவில் ஏழு வருடம் ஒருவரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்து தகப்பன் வேடங்களில் இன்னும் பெரிய பெயர் எடுத்தார். கடைசிப் படத்தில் ஒரே வசனத்தை இருபத்தெட்டுத் தடவை மறந்தாராம். லைட் பிடித்தவர்கள் வரை எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இங்கே மகள் நந்திதாவிடம் வந்துவிட்டார்.

இன்று கண்ணாடியைப் பார்த்து ஒரு வசனம் தொடங்கினார். பாதியில் நின்றுபோனது. முகத்தில் நுரையோடு திரும்பத் திரும்ப முதற்சொல்லிலிருந்து... போனில் வீடியோ எடுத்தேன். நாற்பது விநாடி. தங்கச்சி யூஜினிக்கு மட்டும் அனுப்பினேன். ஒருத்தருக்கும் காட்டாதே என்று எழுதினேன்.

அப்படி எழுதத் தெரிந்தவள் ஏன் எடுத்தேன்?

பெப்ரவரி 9

யூஜினி ஒரு கூட்டாளிக்கு அனுப்பியிருக்கிறாள். இந்தியத் தொலைக்காட்சி வரை போய்விட்டது. வீடியோவுக்குக் கீழே கருத்து எழுதிச் சிரிக்கிறார்கள்.

பெப்ரவரி 10, சனி

மேலதிக வேலைக்கு வரச்சொன்னார்கள். சனி ஞாயிறில் அவரைப் பார்க்கிற றெமிஜியஸை நந்திதா நிறுத்திவிட்டார். அவன் முன்பு வோஹ்ராவோடு சேர்ந்து நின்று போனில் ஒரு படம் எடுக்கக் கேட்டிருந்தானாம். அதுதான் சந்தேகம். நான் பக்கத்தில் கோப்பை துடைத்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் சப்பாத்தைப் போட்டபடி கேட்டான்: "அக்கா, நான் எடுக்கேல்லை. நீங்களாவது நம்புறியளோ?"

ஓம் எண்டன்.

பெப்ரவரி 11

பூசையில் நற்கருணை எடுக்க எழும்பவில்லை. ஏன் என்று கிளிபோட் கேட்டார். கால் நோகுது என்றேன். கட்டின மனுசனிட்டையும் பொய்.

பெப்ரவரி 14

யாரோ திறந்து வைத்த ஐபாட்டில் வோஹ்ரா அதைப் பார்த்துவிட்டார். தன்னை அடையாளம் தெரியவில்லை. பாவம், நல்ல நடிகன் என்று இங்கிலீசில் சொன்னார். பிறகு கோபம் வந்தது. வசனம் மறந்தவனை இப்படியே விட்டுப் படம் பிடிப்பதா, "கட்" சொல்ல அங்கே ஒருவரும் இல்லையா என்று என்னிடம் கேட்டார்.

நான்தானே நிண்டனான். நான் மட்டும்தானே.

பெப்ரவரி 15

குசினியில் வைத்து நந்திதாவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. றெமிஜியஸிடமும் நீங்களே சொல்லுங்கள், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

றெமிஜியஸுக்குப் போன் எடுத்தேன். முழுவதும் கேட்டான். "வேலை போனது பரவாயில்லை அக்கா. நீங்கள் என்ரை முகத்தைப் பாத்து ஓம் எண்டனீங்கள்," என்றான். வைத்துவிட்டான்.

ஏப்ரல் 20

அஜின்கோர்ட் கடையில் மரக்கறிப் பக்கம் றெமிஜியஸ். திரும்பிப் போக நினைத்தேன், அவன் கண்டுவிட்டான். மார்ச்சிலிருந்து திரும்ப அங்கேதான் வேலையாம். வோஹ்ரா நன்றாகச் சாப்பிடுகிறாராம்.

என்னை எப்போதாவது கேட்டாரா என்றேன்.

"இல்லை. அவருக்கு இப்ப ஒருத்தரையும் ஞாபகமில்லை."

அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதல்!