பதினான்காம் பங்கேற்பாளர்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பல்கலைக்கழக நூலகக் கணக்கில் நுழைந்தேன். நான் படிக்கும்போது நீ கொடுத்த பாஸ்வர்டை, பேசாத இந்த இரண்டு வருடத்திலும் நீ மாற்றவில்லை.

அம்மாவின் கருமாதியன்று எல்லார் முன்னாலும் கேட்டாயே, "கூடவே இருந்தியே, மூச்சு வாங்குறது கூடவா தெரியல?" என்று. அதற்குப் பதில் தேடித்தான் போனேன். நுரையீரல், களைக்கொல்லி என்று ஆங்கிலத்தில் போட்டால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள். தோட்டத்துப் பெண்கள், மலாக்கா என்று சேர்த்ததும் ஆறுதான் மிஞ்சின.

ஐந்தாவதில் பேட்டி கொடுத்தவர்களின் பெயர்கள் இல்லை, எண்கள்தான். பதினான்காம் பங்கேற்பாளர் நம் ரெம்பியா பக்கம் களைக்கு மருந்தடிப்பவர். மகனின் பழைய பச்சைப் பள்ளிச் சிலுவாரின் கால் பகுதியை வெட்டிக் கைக்கு உறை தைத்துக்கொண்டவர். உன் சிலுவார்தான் அண்ணா.

அவர் சொன்னதை ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அம்மாவின் குரலில்தான் கேட்டது: "ஒரு வருஷமா நெஞ்சு அடைக்குது. மககிட்ட சொல்லல லா, ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவா. அங்க போனா வேலைய விட்டு நிறுத்திருவாங்க."

எதற்காக அந்த வேலை வேண்டும் என்பது அடுத்த வரி. அம்மா அதைச் சொன்ன ஆண்டு நீ யூனியில் கடைசி வருடம் படித்தாய். மூன்று நாளாக அந்த வரியை எழுதி எழுதி அடிக்கிறேன்.

கட்டுரையை அனுப்பவில்லை. உனக்குத் தேடத் தெரியும். ஆனால் அந்த வரி இருக்கும் ஒன்பதாம் பக்கத்தைத் தனியாகப் படிக்காதே. வீட்டுக்கு வா. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தங்கை