நேர்ந்ததாய்ச் சொன்ன குலை

மானிப்பாய்
11.03.1991

அன்புள்ள அருந்ததி,

நீயும் ஐயாவும் உடம்பளவிலாவது சுகமாக இருக்க வேண்டும் என்று கர்த்தரை மன்றாடுகிறேன். தாயை இழந்த உன்னிடம் மனச்சுகத்தைப் பற்றி இப்போது கேட்கக் கூடாது. மாமி காலமான செய்தியைக் கனகசபாபதி மாஸ்டர் மீசாலையிலிருந்து திரும்பிய அன்றே வந்து சொன்னார். செத்தவீட்டுக்கு நான் வரவில்லை. சைக்கிள் இருந்தது, பாதையும் திறந்திருந்தது. உன் முகத்தைப் பார்க்கத்தான் துணிவு இல்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

இங்கே மண்ணெண்ணெய் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. நீ நட்ட கத்தரி காய்க்கத் தொடங்கியிருக்கிறது.

போன ஆனியில் தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து ஒரு ட்ரங்குப் பெட்டியுடன் நீங்கள் மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வளவில் புல்லும் நாலு இதரை வாழையும்தான் நின்றன. நீதான் பக்கக் குட்டிகளை வெட்டி எறிந்தாய், சாம்பலும் எருவும் போட்டாய், குலை தள்ளிய மரத்துக்கு முட்டுக் கொடுத்தாய். நான் கொத்துவதைப் பார்த்து மாமி, "உன்ரை சிநேகிதி மண்வெட்டியைப் பேனை மாதிரியெல்லே பிடிக்கிறாள். மண்ணிலை கையெழுத்துப் போடப்போறாளோ?" என்று சிரிப்பார்.

எங்கள் கோயிலின் அறுவடைப் பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை உனக்கு நினைவிருக்கும். மாமிக்குப் பத்து நாள் காய்ச்சல், கஞ்சியும் தங்கவில்லை. குலையின் மேற்சீப்பில் மூன்று பழம் பழுத்திருந்தன. நீ வந்து, "அம்மா ஒரு பழம் கேக்கிறா. பிச்செடுக்கட்டே?" என்றாய். அது கோயிலுக்கு நேர்ந்த குலை என்றேன். உள்ளேயிருந்து மாமி, "சாமிக்கு நேர்ந்ததெண்டால் கை வைக்காதை, பிள்ளை. எனக்கு நாக்குத்தான் கேட்டது" என்றார்.

அருந்ததி, நான் அதை நேரவேயில்லை. கொண்டுபோக எண்ணியிருந்தேன், அவ்வளவுதான். போன வருடம் நேசம்மா அன்ரியின் குலையைத்தான் பீடத்தின் முன்னால் நடுவில் வைத்தார்கள். இம்முறை என்னுடையது ஒரு பழமும் குறையாமல் அங்கே நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நேர்ந்தது என்றால் நீங்கள் மறுபேச்சுப் பேசமாட்டீர்கள் என்று தெரிந்தே சொன்னேன். உங்கள் பக்தியையே உங்களுக்கு வேலியாக அடைத்தேன்.

குலை நடுவில்தான் நின்றது. போதகர் தடவிப் பார்த்து, யார் பராமரித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அன்று காலை ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு நல்ல நிலம் எது என்று விதைக்கிறவன் உவமையைப் படிப்பித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் வெளிக்கிட்டீர்கள். மீசாலையில் சித்தி வீட்டில் வசதி இருக்கிறது என்றாய். அந்தப் பழம்தான் காரணமோ என்று கேட்காமல், நம்பியதுபோலத் தலையாட்டினேன். மாமி என் தலையில் கை வைத்து, "நல்லாயிரு பிள்ளை, எங்களை நல்லாப் பாத்தாய்" என்றார்.

கதைப் புத்தகங்களில் எத்தனையோ பேரின் கள்ளத்தை இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்திருக்கிறேன். என்னுடையது எனக்குத் தெரியவில்லை. நீ கிழமைக்கு ஒரு தரம் வாழையடியில் குனிந்து, புதிதாக என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பாய். இருதயத்துக்கும் அப்படிக் குனிய வேண்டும். நான் ஜெபத்தில் கூட நிமிர்ந்துதான் நின்றிருக்கிறேன்.

ஒரு பழம் மாமியைக் காப்பாற்றியிராது என்று அம்மா சொல்கிறார். இருக்கலாம். கேட்டதைத் தின்றிருப்பார்.

இருபத்தேழாம் திகதி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று மாஸ்டர் சொன்னார். நான் வரலாமா? தண்ணீர் அள்ள, பாத்திரம் கழுவ, எதற்கென்றாலும் வருகிறேன். இதை ஐயாவுக்கு வாசித்துக் காட்டுவது உன் விருப்பம். கடிதம் கொண்டுவரும் மாஸ்டர் அங்கே ஒரு நாள் தங்குவார். வா என்று எழுத மனம் வராவிட்டால், வராதே என்றாவது உன் கையால் எழுதிக் கொடுத்துவிடு.

கர்த்தர் உங்கள் இருவருக்கும் துணையிருப்பாராக.

மியூரியல்