கிணறு வெட்டியவனைத் தேடி வந்த வேலை

பெரியவனோட அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மருமகள் இதை வாசிக்கும்போது நீ அடுப்படியில் நிற்காமல் பக்கத்தில் வந்து உட்கார். நான் சொல்லச் சொல்ல எழுதுவது எங்கள் ஆபீஸ் டிரைவர்.

பயப்பட ஒன்றுமில்லை. இந்த வெளிநாட்டு உதவி ஆபீசுக்கு வந்த அதிகாரிகள் முன்பு என்ன வேலை பார்த்தார்கள் என்பது டீ கொடுக்கும் எனக்கு மனப்பாடம். முதலில் வந்தவர் பட்டாளத்து டாக்டர். அடுத்தவர் பேங்க்காரர். பிறகு வந்த அம்மா பள்ளிக்கூட டீச்சர். இப்போதிருப்பவர் தண்ணீர் இன்ஜினியர். நேற்று அவர், "எல்லார் கதையும் சொல்றீங்க, நீங்க முன்னாடி என்ன பண்ணீங்க?" என்றார். பதினெட்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"கிணறு வெட்டினேங்க."

"பாறை எத்தனை அடியில வரும்?"

பேசியதில் டீ ஆறிப்போனது. இப்போது கிணறு தோண்டும் இடத்துக்கு மேற்பார்வைக்கு வரச் சொல்கிறார், இரண்டு வருடம். அடுத்த மாதம் வேலையை விட்டு ஊருக்கே வந்துவிடுவேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனே! இருப்புக் கொள்ளவில்லை.

"ஆசைனு எழுதவா, பயம்னு எழுதவா பெரியவரே?" என்று டிரைவர் சிரிக்கிறார்.

என் கெட்டிச் செருப்பை அனுப்பு. வேண்டாம், முதலில் பதில் போடு. திங்கட்கிழமைக்குள் நான் சொல்லியாக வேண்டும். வண்டி எடுக்க டிரைவரைக் கூப்பிடுகிறார்கள். உடம்பு முடியவில்லை என்று மட்டும் பொய் எழுதாதே. வா என்று சொல், வந்துவிடுகிறேன்.