உன் பெயரில் நான் கட்டிய மேடை

என் உயிர் அக்கா சரோஜாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் வெயில் எப்படியோ தெரியவில்லை. இங்கே பெட்டாலிங் ஜெயாவில் நம் வீட்டு வாசலில் காலையிலேயே நிற்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர் நம் வீட்டு முன்னால் நிறுத்துவதை விட்டுவிட்டார். எதிர் வரிசைக்குப் போய்விடுகிறார். ஏன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன்.

உன் வேப்பமரம் பாதி செத்துவிட்டது அக்கா. அதைக் கொன்றவன் நான்.

படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் அக்கா கோலாலம்பூர் சாலையோர மரங்களைப் பராமரிக்கும் குத்தகை வேலையில் இருந்தவள். தண்ணீர் லோரியில் ஏறி, கிளை வெட்டி, உரம் போட்டு, கை காய்த்துப்போனவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருந்த துண்டு நிலத்தில் அவள் நட்ட கன்றுதான் இந்த மரம். எங்கள் தாமானில், அதாவது இந்தக் குடியிருப்பில், யார் வீட்டில் அம்மை போட்டாலும், எந்தக் கோயிலில் திருவிழா என்றாலும் இங்கேதான் வந்து கொத்து ஒடிப்பார்கள்.

மரத்தைச் சுற்றி ஒரு பாய் அளவு மண்ணை நீ திறந்தே வைத்திருந்தாய். அதில் யாராவது கார் சக்கரத்தை ஏற்றினால் போதும், தெருவே அதிரும். எதிர்வீட்டில் வாசலுக்குக் கல் பதித்தபோது, நம் பக்கமும் சேர்த்துப் போட்டுத் தருவதாகக் கொத்தனார் சொன்னது நினைவிருக்கிறதா? "மரத்துக்கு மூச்சு வேர்லதான் இருக்கு. ஒங்க மூக்க அடைச்சா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டாய். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

நீ போன முதல் வருடத் திதிக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. மரத்தைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டினேன். உள்ளே மண் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி, அடிமரத்தை ஒட்டி டைல்ஸ் பதித்தேன். மஞ்சள் துணி சுற்றி, பளிங்குக் கல்லில் உன் பெயரையும் பொறித்தேன். கீழே 'உபயம்: தம்பி குணா குடும்பத்தார்' என்று என் பெயரை உன் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பார்த்தேன். மாற்றச் சொல்லவில்லை.

எல்லோரும் பாராட்டினார்கள். வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்தார்கள், பால் ஊற்றினார்கள். 'அக்காவுக்குத் தம்பி செய்ததைப் பாருங்கள்' என்று சொன்னபோதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு ஒரு பக்கம் இலை மஞ்சளானது. உச்சி காய்ந்தது.

தாமான் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் ஆரம்பித்தார். 'பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி ஏதோ ஊத்திட்டாங்க போல. எல விழுந்து லோங்காங் அடைக்குதுன்னு எப்பவும் கத்துவாங்களே' என்று எழுதினார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். சாக்கடை அடைக்கிறது என்று மேய் ஆன்டி கத்துவது உண்மைதான். ஆனால் கத்திக்கொண்டே அந்தச் சருகைக் கூட்டி மூட்டை கட்டி உன்னிடம் தருவார், நீ அதை மரத்தடியில் பரப்புவாய், இருவரும் காப்பி குடிப்பீர்கள். நீ டயலிசிஸ் முடிந்து சுருண்டு கிடந்த நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தது அவர்தான். இதில் ஒன்றைக்கூட நான் அந்தக் குழுவில் எழுதவில்லை. யாராவது ஊற்றியிருந்தால் நல்லது என்றுகூட அப்போது எனக்குத் தோன்றியது. நான் தப்பித்துவிடலாம் அல்லவா?

உன்னோடு வேலை செய்த முனியாண்டி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஓரமாக நாலு டைல்ஸைப் பெயர்த்தார். உள்ளே மழைத் தண்ணீர் தேங்கி நாறியது. அடிமரத்துப் பட்டை அவர் விரலோடு கழன்று வந்தது.

"யாரும் ஒண்ணும் ஊத்தல தம்பி. கழுத்து வரைக்கும் மண்ண ஏத்தி மூடிட்டீங்க. சரோஜா பார்த்திருந்தா ஒங்கள சும்மா விட்டிருக்காது" என்றார்.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணே, இத வெளிய சொல்லிடாதீங்க." அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைகூடக் கழுவாமல் போய்விட்டார்.

நாலு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் அக்கா. அந்த நாலு மாதத்தில் ஆன்டியோடு பேசுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். யாரோ அவர் வீட்டு கேட்டில் கழிவெண்ணெயை ஊற்றிவிட்டுப் போனார்கள். எழுபது வயது மனுஷி உட்கார்ந்து தேய்த்துக் கழுவியதை நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெளியே போகவில்லை.

போன வாரம் அவரே நம் வாசலுக்கு வந்தார். கிள்ளான் பக்கத்தில் தமிழர்கள் வேலை செய்த தோட்டத்தில் வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார் என்று நீ சொல்வாயே. அன்று திட்டவில்லை.

"தம்பி, சரோஜா மரம்லா அது. அத நான் ஏன் சாகடிக்கப் போறேன்?"

"தெரியும் ஆன்டி."

"தெரியுமா? தெரிஞ்சா ஏன் சொல்லல?"

கேட்டுவிட்டு அவர் திரும்பிப் போனார்.

அன்று மாலையே நடந்ததைக் குழுவில் எழுதினேன். மறுநாள் சம்மட்டி எடுத்து மேடையை உடைத்தேன், மண்ணை அள்ளினேன். முனியாண்டி அண்ணன் என்னோடு பேசாமலே வந்து செத்த கிளைகளை வெட்டினார். சாலைப் பக்கத்தில் இரண்டு கிளைகளில் உயிர் இருக்கிறதாம். பிழைக்குமா என்று கேட்டதற்கு, மழையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

குழுவில் என்ன பதில் வந்தது தெரியுமா? 'விடுங்க அண்ணே, நல்ல மனசோடதான கட்டுனீங்க.' கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. எனக்கு ஐந்து நிமிடத்தில் மன்னிப்புக் கிடைத்துவிட்டது. ஆன்டி வீட்டுப் பக்கம் ஒருவரும் போகவில்லை. எனக்கு அவமானம் தாங்கவில்லை அக்கா. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

நான் போனேன். ஆன்டி கம்பிக் கதவைத் திறக்காமலே நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எல்லாரும் என்னப் பத்தித் தெருவுல நின்னு தமிழ்லதான் பேசுனாங்க தம்பி. எனக்குப் புரியாதுன்னு நெனச்சாங்களா, இல்ல புரியட்டும்னே பேசுனாங்களா?"

இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நீ இருந்திருந்தால் அந்தக் கதவு திறந்திருக்குமோ?

மரத்தடி மண்ணை இனி ஒரு கல்லும் மூடாது, அது என் பொறுப்பு. அதைவிட முக்கியமாக இன்னொரு வாக்கு. வருகிற ஞாயிறு தாமானில் கொத்தோங் ரோயோங், எல்லோரும் கூடித் தெருவைச் சுத்தம் செய்யும் நாள். எல்லோரும் துடைப்பமும் மண்வெட்டியுமாகத் தெருவில் இருப்பார்கள். ஆன்டி வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்று, மேய் ஆன்டி ஒன்றும் செய்யவில்லை, மரத்தைக் கொன்றவன் நான், தெரிந்தும் மறைத்தவன் நான் என்று உரக்கச் சொல்வேன். உள்ளே இருந்தாலும் அவர் காதில் விழும்படி தமிழிலேயே சொல்வேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்பது அதற்குப் பிறகுதான்.

உன் முகத்தில் விழிக்க வெட்கப்படும்,
உன் கூடப்பிறந்த தம்பி
குணா