எழுபத்திரண்டு படியும் மஞ்சள் மாத்திரையும்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். நீயும் மாமாவும் நலம் என்பது போன வாரம் அவர் அனுப்பிய படத்திலேயே தெரிந்துவிட்டது, அதனால் விசாரிக்கவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் குறுக்கே பேசுவாய், பாதியில் அழுவாய், எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. எழுத்தில் என்றால் கடைசி வரை நான்தான் பேசுவேன்.

முதலில் மஞ்சள் விஷயம். அப்பாவின் முட்டிவலிக்கு என்று ஐந்து மாதமாக டப்பா டப்பாவாக மஞ்சள் மாத்திரை அனுப்புகிறாய். மாமாவின் ஜிம்முக்கு வருகிறவர்கள் அதைத்தான் போடுகிறார்கள், வீக்கம் வற்றும், உடம்பில் தெம்பு ஏறும் என்றாய். நான் நம்பவில்லை. நாள் முழுக்கத் தராசையும் அளவுமானியையும் சரிபார்க்கிறவன் நான். கருவி சரியாகக் காட்டுகிறது என்று யார் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் சோதிக்காமல் முத்திரை குத்த மாட்டேன். அப்பாவின் முட்டிக்கு மட்டும் என்ன சலுகை?

நீ கேட்டுக்கொண்டபடி உன் பெயரைச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அனுப்புநர் சீட்டைக் கிழித்துவிட்டு, ஆபீசில் மலிவாகக் கிடைத்தது என்று சொல்லித்தான் கொடுத்தேன். உன் கல்யாணத்தன்று ‘இனிமே என் வாசப்படி மிதிக்காதே’ என்று சொன்னவர், இந்த மூன்று வருடத்தில் உன் பெயரை எடுத்ததே இல்லை. மாமாவைப் பற்றி மட்டும் யாரோ கேட்டதுபோலத் தானே ஆரம்பிப்பார். “இரும்பத் தூக்கி அதே எடத்துல திரும்ப வெக்கிறதெல்லாம் ஒரு தொழிலாடா?” என்பார். முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். இங்கே எடுத்ததை அங்கே வைத்தால்தான் அவருக்கு அது வேலை.

டப்பா வந்த இரண்டாவது வாரத்திலிருந்து அப்பா படியேற ஆரம்பித்தார். நம் கட்டடத்தில் தரையிலிருந்து மொட்டைமாடி வரை நாற்பத்தெட்டுப் படி. அதில் ஏறுவார், இறங்குவார், மறுபடி இருபத்துநாலு படி ஏறி, பாதித் திருப்பத்தில் ஜன்னல் பக்கம் நிற்பார். அவ்வளவுதான் அன்றைக்கு. மொட்டைமாடிக்கே போகலாமே என்றால், “ஒன் வேலையப் பாருடா இன்ஜினியரு” என்பார். மூச்சு வாங்குகிறது போல என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஸ்டாப்வாட்சை விடவில்லை. ஏறும் நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் முதல் நாள் ஆறு நிமிடம் நாற்பது விநாடி. மூன்றாம் மாத முடிவில் மூன்றரை நிமிடம். கைப்பிடியைப் பிடிப்பதையும் விட்டுவிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரர் தன் இடுப்புக்கும் அந்த மாத்திரையே வேண்டும் என்று என்னை வழிமறித்துக் கேட்டார். எனக்குத் தாங்கவில்லை.

நாலாவது டப்பாவில் ஒரு சோதனை செய்தேன். எல்லாம் கூடு மாத்திரைதானே, அறுபதின் கூட்டையும் திறந்து, மஞ்சளைக் கொட்டிவிட்டு, கோதுமை மாவை அடைத்து மூடினேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. கொட்டிய மஞ்சளை வீணாக்கக் கூடாது என்று அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்கு வீட்டில் எது சமைத்தாலும் ஒரே நிறம். என் விரல் நகத்தைப் பார்த்து ஆபீசில் காமாலையா என்றார்கள்.

மாவு சாப்பிட்ட மாதத்திலும் அப்பாவின் நேரம் குறைந்தது. மூன்று நிமிடம் ஐந்து விநாடி! மாத்திரை தண்டம், தானாகக் குணமாகிறது என்று நிரூபித்துவிட்டேன். கோடு போட்ட தாளில் வரைபடம் எல்லாம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் முன்னால் விரித்தேன். மாவு அடைத்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். சிரிக்கிறார். அக்கா, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. “அடேய், மாத்திரையப் போட்டாத்தானடா மஞ்சளா மாவான்னு தெரியும்?” என்றார்.

அஞ்சாம் நாளே வயிறு எரிந்திருக்கிறது. அதோடு நிறுத்திவிட்டார். கிரேனுக்குக் கொண்டுபோன பழைய டிபன் பாக்ஸில் கிட்டத்தட்ட முந்நூறு மாத்திரை கிடக்கிறது. எது மஞ்சள், எது என் மாவு என்று இப்போது எனக்கே தெரியாது. என் தொழிலில் இதைவிடக் கேவலமான சோதனையை எவனும் செய்திருக்க முடியாது.

முட்டி எப்படிச் சரியானது? முதல் பார்சலில் மாமா ஒரு தாள் வைத்திருந்தாராமே, எந்தக் காலை முதலில் வைப்பது, தொடையை எப்படி இறுக்குவது என்று படம் போட்டு. நான் விளம்பரம் என்று குப்பையில் போட்டேன். அப்பா அதைப் பொறுக்கி, நீவி, தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார். முந்தாநாள் எலும்பு டாக்டரிடம் போனோம். காலில் சதை வைத்திருக்கிறது, எடை குறைந்திருக்கிறது, அதுதான் காரணம், இதே நிதானத்தில் தொடரலாம் என்றார். மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க அப்பா போடுகிற மாத்திரையோடு இந்த அளவு மஞ்சள் சேர்ந்தால் ஆபத்தாகலாம், சமையலில் போடுவது போதும் என்றார். நீ கேட்காமல் அனுப்பியது தப்பு. நான் கேட்காமல் கொடுத்தது அதைவிடத் தப்பு. வயிறு எரிந்ததே புண்ணியம்.

பிறகு ஏன் ஐந்து மாதமாக முழுங்குவதுபோல நடித்தார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் டப்பா மூடியையே திருப்பிக்கொண்டிருந்தார். “வேண்டாம்னு சொன்னா அடுத்த டப்பா வராதுல்ல?” என்றார்.

மூடியில் ‘காலை 1, இரவு 1’ என்று நீ எழுதி அனுப்புவாய். சீட்டைக் கிழித்த நான் மூடியை மறந்துவிட்டேன். “இந்தக் கோழி கெளறுன எழுத்து எனக்குத் தெரியாதா? ஒன்னாங்கிளாஸ்ல கையப் புடிச்சு எழுத வெச்சவன் நான்” என்று சொல்லிவிட்டு எழுந்து படியேறப் போய்விட்டார்.

அப்புறம் அம்மாதான் சொன்னாள். குடிபோன புதிதில் நீ அவளுக்கு எழுதியிருந்தாயாம்: லிப்ட் கிடையாது, எழுபத்திரண்டு படி, தண்ணீர் கேன் போடுகிறவர் தினமும் திட்டுகிறார் என்று. அடுப்படியில் நின்று உரக்கப் படித்தாளாம். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தாராம். அரை மணி நேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லையாம். நாற்பத்தெட்டும் இருபத்துநாலும் எவ்வளவு என்று நீயே கூட்டிக்கொள். வரைபடம் போடத் தெரிந்த எனக்கு இந்தக் கூட்டல் ஐந்து மாதமாக வரவில்லை.

பதினாலாம் தேதி காலை ரயிலில் மூவரும் வருகிறோம். டிக்கெட் எடுத்தது அப்பா. “உங்கம்மா பொண்ணப் பாக்கணும்னு உசுர வாங்குறா, தொணைக்குப் போறேன்” என்று தையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தான் உசுரை வாங்கிய விஷயமே அம்மாவுக்கு அப்போதுதான் தெரியும். வாய் விட்டுச் சிரித்தாள்.

இனி நான் சொல்கிறபடி செய். ரயிலடிக்கு வராதே, அங்கே கூட்டத்தில் அழுது தொலைப்பாய். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டு வை. உட்கார மாட்டார், இருந்தாலும் போடு. மாமா ஓடிவந்து கை பிடிக்க வேண்டாம், வாசலிலேயே நிற்கட்டும். குறுக்கே யார் வந்தாலும் அவருக்கு எண்ணிக்கை தப்பிவிடும். மேலே வந்ததும் பழைய பேச்சு ஒன்றும் வேண்டாம். முட்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

அடுத்த டப்பாவைத் தபாலில் போடாதே. உள்ளே ஒன்றும் வேண்டாம், காலியாகவே இருக்கட்டும். மூடியில் மட்டும் உன் கையால் எழுதி, அவர் கையில் கொடு.

இப்படிக்கு,
முந்நூறு மாத்திரைக்குக் கணக்குத் தெரியாத
உன் தம்பி