பனிமலையும் கலங்கரை விளக்கமும்

அன்புத் தங்கை வாயாடிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடப் போனால் மட்டும் குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன் புது போன் நம்பர் எங்களிடம் இல்லை. வீட்டு முகவரிக்குப் போட்டால் யார் கைக்குப் போய்ச் சேருமோ என்று, இதை உன் லேப் முகவரிக்கு அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

நீ கட்டிக்கொள்ளப் போகும் மேஜரைப் பற்றித்தான். எனக்குச் சந்தேகப் பிராணி என்று நீ வைத்த பட்டம் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று டீச்சரம்மா நூலகத்துக்கு வந்து ஒரு நாவலை என் மேசையில் பொத்தென்று போட்டார். பாதியில கதை எங்கயோ ஓடுதே, இதையெல்லாம் யாரு பாக்குறீங்க என்று கேட்டார். கொலைகாரர்கள் துரத்தும் ஒரு பெண்ணை ராணுவ மேஜர் ஒருவன் பொத்திப் பொத்திக் காப்பாற்றும் கதை. ஒரு பக்கம் துப்பாக்கி, மறு பக்கம் முத்தம். என்னதான் என்று பார்க்கப் படித்தேன். நாற்பதாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. என் மூச்சு இருக்கும்வரை உன் நிழலைக்கூட ஒருவன் தொட முடியாது என்கிறான். உன் மேஜர் சொன்னதாக நீ எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாயே, அதே வாக்கியம்.

படித்ததைச் சொல்லி அசத்தாத ஆம்பளை உண்டா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் பனிமலை வந்தது. உன் மேஜர் காயம்பட்ட நர்ஸை முதுகில் சுமந்து பனியில் நடந்தார், மறுநாள் கலங்கரை விளக்கத்தில் கண் விழித்தார், நடுவில் என்ன ஆனது என்று கேட்டால் தலையைப் பிடித்துக்கொள்கிறார், பாவம், போர் அவர் நினைவையே குலைத்துவிட்டது என்று அழுது எழுதியிருந்தாய்.

அடியே, குலைத்தது போர் இல்லை, நான்.

போன மழையில் கூரை ஒழுகி அந்த நாவலில் பதினாறு பக்கம் கூழாகிவிட்டது. கழித்துக் கட்டிய பிரதிகளிலிருந்து பக்கம் எடுத்துத் தைப்பதுதானே என் வேலை. அதே எழுத்தாளர், அதே அளவு, அதிலும் ஒரு மேஜர். அவசரத்தில் வேறு நாவலின் பக்கங்களை வைத்துத் தைத்துவிட்டேன். பனிமலையிலிருந்து நேராகக் கலங்கரை விளக்கத்துக்குப் போகிற பிரதி உலகத்திலேயே இது ஒன்றுதான்.

பதிவேட்டைப் புரட்டினேன். தைத்த பிறகு அதை எடுத்தவர்கள் மூன்று பேர். டீச்சரம்மா, தையல்கடைக்காரம்மா, அப்புறம் மூன்று மாதம் இந்த ஊரில் தண்ணீர் ஃபில்டர் விற்ற ஒரு ஆள். அவருக்கு இடது புருவத்தில் தழும்பு. குண்டு உரசியது என்று உன்னிடம் சொன்னாரே, அது. என்னிடம் அலமாரிக் கதவு இடித்தது என்றார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த உன் படத்தைப் பார்த்து யார் என்று கேட்டார். என் தங்கச்சி, இன்ன ஆஸ்பத்திரி லேப்பில் வேலை, தனியாகத்தான் இருக்கிறாள் என்று பெருமை அடித்துக்கொண்டது இந்த வாய்தான். என்னை மன்னித்துவிடு.

வேலையை விடு, நம்பரை மாற்று, எங்கே போகிறோம் என்று வீட்டில்கூடச் சொல்லாதே, எல்லாம் உன் பாதுகாப்புக்கு என்கிறாராம். நாவலிலும் அப்படித்தான். ஆனால் நாவலில் அவளைத் துரத்த ஒரு கும்பல் இருக்கிறது. உன்னை யாரடி துரத்துகிறார்கள்? அம்மாவும் நானுமா?

வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். கொடுக்காதே. வியாழக்கிழமை மதியம் உன் லேப் வாசலில் நிற்பேன். திட்ட மாட்டேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நீ வெளியே வந்தால் போதும்.

நாவலில் அடுத்து வரும், பாலத்தில் தோளில் குண்டு வாங்கிய கதையை அவர் இன்னும் உன்னிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பக்கங்களைப் பிரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் சொல்வதற்கு முன்னால் நீ படித்துவிடு, கண்ணு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா